மூன்று புள்ளிக்காரன்

என் கடை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'வண்டியைக் காட்ட வேண்டாம். சாமானைக் காட்டினால் போதும்.' நானே எழுதி, நானே ஆணி அடித்தது. அடிக்கும்போது சுத்தியல் ஆணியை விட்டுவிட்டு என் இடது கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. நகம் விழுந்து, முளைத்து, இன்றுவரை கோணலாகத்தான் இருக்கிறது. பலகை மட்டும் நேராக இருக்கிறது.

நான் விற்பது கார் பிரேக் சாமான்கள் மட்டும். எஞ்சின் கேட்டால் எதிர்க்கடை, கண்ணாடி கேட்டால் மூலைக்கடை, பிரேக் என்றால் நான். சக்கரத்தை அழுத்திப் பிடித்து நிறுத்தும் தகடுதான் பேடு. தேய்ந்து துருப்பிடித்த ஒன்றை யாராவது மேஜையில் வைத்தால், அதைக் கையில் எடுத்து, எடை பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோவேன். மூக்குக்கும் பிரேக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு எந்த வண்டி, எந்த வருஷம், முன் சக்கரமா பின் சக்கரமா என்று சொல்வேன். பத்தில் எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டுக்கு என்ன செய்தேன் என்பதில்தான் வம்பே.

மார்க்கெட்டில் என் பேர் 'இருக்கு'. யார் எதைக் கேட்டாலும் 'இருக்கு' என்று சொல்லிவிட்டுத்தான் தேட ஆரம்பிப்பேன். என்னால் 'இல்லை' சொல்ல முடியாது. சின்ன வயதிலிருந்தே இந்தக் கோளாறு உண்டு. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது பக்கத்துப் பையனுக்கும் சேர்த்து நானே குரல் கொடுத்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் மாமனார் கடைக்கு வந்தார். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் நிலத்தை அளந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் சட்டைப்பையில் ஒரு இழுப்பு டேப்பும் சின்ன நோட்டும் இல்லாமல் வெளியே வரமாட்டார். கைக்குட்டையில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, மேஜையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பிரேக் பேடு. உலோகம் தெரியும்வரை தேய்ந்து, முதுகெல்லாம் துரு.

"மாப்பிள்ளை, ஞாபகம் இருக்கா?"

"எது மாமா?"

"என்ன எதுன்னு கேக்கறீங்க? இதாலதானே நீங்க நம்ம வீட்டுக்கே வந்தீங்க!"

இந்தக் கதையைக் குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், மாமா ஆரம்பித்துவிடுவார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய காருக்கு முன் பிரேக் பேடு தேய்ந்துபோனது. மார்க்கெட் முழுக்க அலைந்தார். எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் புதிதாகத் திறந்த ஒரு கடையில் ஒல்லியாக ஒரு ஆள், வண்டியைக் கூடப் பார்க்காமல், 'இருக்கு சார், பத்து நிமிஷம் உக்காருங்க' என்றான். உள்ளே போனான். நாலு பேடைக் கொண்டுவந்து கொடுத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. 'அப்பவே உங்க அத்தைகிட்ட சொல்லிட்டேன். இல்லைன்னு சொல்லத் தெரியாத பையன். பொண்ணைக் கொடுத்தா இவனுக்குத்தான்' என்று முடிப்பார். முடித்ததும் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். அந்த அடக்கத்தை நான் பன்னிரண்டு வருஷமாகப் பழகி வைத்திருந்தேன்.

"பன்னெண்டு வருஷம் உழைச்சிருக்கு பாருங்க," என்றார் மாமா. வாரத்துக்கு இரண்டு முறை நூலகத்துக்கும் பூங்காவுக்கும், நடந்து போகிறவர்கள் முந்திச் செல்லும் வேகத்தில் ஓட்டினால் எதுவும் உழைக்கும்.

"இதே மாதிரி நாலு வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

வெள்ளிக்கிழமை என்ன என்பது எனக்கும் தெரியும். அத்தை ஸ்டூலிலிருந்து விழுந்து முழங்கால் சிப்பி உடைந்து, ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியில் இருந்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காலை மடக்கவே கூடாது. கட்டை போல நேராக நீட்டியபடிதான் வரவேண்டும். அதற்கு மாமாவின் காரை விட்டால் வேறு வழியில்லை. அளவைக் கோல்களை ஏற்றிக்கொள்வதற்காக அந்தக் காலத்திலேயே அவர் முன் சீட்டின் தண்டவாளத்தை நீட்டி வைத்திருந்தார். சீட்டைத் தள்ளினால் பின் சீட்டின் மடியில் போய் உட்காரும். ஒரு ஆள் சௌகரியமாகக் காலை நீட்டலாம்.

"ஆம்புலன்ஸ் வச்சுக்கலாமே மாமா?"

"கேட்டேன். ஆம்புலன்ஸ்ல போய் இறங்கினா தெருவே வந்து அழும், அவங்களுக்குக் காபி போட யார் இருக்காங்கறா. நம்ம வண்டியிலதான் வருவாளாம்." குரலைத் தாழ்த்தினார். "பேடு கிடைக்கலைன்னாலும் நான் எடுத்துடுவேன் மாப்பிள்ளை. கியர் இருக்கு, ஹேண்ட் பிரேக் இருக்கு. மேடா இருக்கற ரோடாப் பாத்துப் போனா வண்டி தானா நின்னுடும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் மேடு பள்ளங்களை முப்பத்தைந்து வருஷம் வரைபடத்தில் குறித்தவர்.

"எதுக்கு மாமா? இருக்கு," என்றேன். என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

பேடை எடுத்தேன். எடை பார்த்தேன். முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெர்னியர் அளவுகோலை எடுத்து நீளம், அகலம், இரண்டு பக்கமும் நீண்டிருக்கும் காதுகளின் அளவு எல்லாம் எடுத்தேன். பேடுகளை நிஜ அளவிலேயே படம் போட்ட தடிமனான கேட்டலாக் ஒன்று உண்டு. சாமானைப் பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தால் கோட்டோடு கோடு பொருந்தவேண்டும். முந்நூறு பக்கமும் புரட்டினேன். எதிலும் பொருந்தவில்லை. ஒரு பக்கக் காது பொருந்தினால் மறுபக்கக் காது இளைத்திருந்தது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு பேடைச் செய்திருக்காது.

கடைசியாக ஒரு வழி உண்டு. முதுகுத் தகட்டில் பொறித்த எண் துருவில் மறைந்திருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேலே காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசினால் எண் எழுந்து வரும். மாமா ஆர்வமாகக் குனிந்து பார்க்க, நான் உரசினேன்.

எண் வரவில்லை. வரிசையாக மூன்று புள்ளிகள் வந்தன.

பென்சிலை மேஜையில் வைத்தேன்.

அந்தப் புள்ளிகள் என்னுடையவை. பொருத்தமான பேடு இல்லாதபோது, ஏறக்குறைய அதே அளவில் இருக்கும் வேறு வண்டிப் பேடை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன். வைஸ் என்ற இரும்புப் பிடியில் மாட்டி, அரத்தால் காதுகளை ராவி, அளவுக்குக் கொண்டுவந்துவிடுவேன். தொழில் தொடங்கிய புதிதில் மூன்று நாலு வருஷம் இப்படி. பிறகு பயம் வந்து விட்டுவிட்டேன். செய்தவன் சும்மா செய்திருக்கலாம். ஒவ்வொன்றின் முதுகிலும் 'பஞ்ச்' உளியால் மூன்று புள்ளி குத்துவேன். ஏன் என்று கேட்டால் இன்றும் பதில் இல்லை. திருடன் வீட்டுச் சுவரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவானா? நான் போட்டேன். வேலை அவ்வளவு நேர்த்தியாக இருந்ததாக நினைப்பு.

"என்ன புள்ளி மாப்பிள்ளை இது?"

"அதான் மாமா... பாக்கணும்."

"வாங்க, நாலு கடையில விசாரிப்போம்," என்று எழுந்துவிட்டார். அவருக்கு உள்ளூரக் குஷி. அன்றைக்குப் போலவே எல்லாரும் கையை விரிக்க, கடைசியில் மாப்பிள்ளை கண்டுபிடிப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரியில் போய் அத்தையிடம் சொல்லவேண்டும்.

முதலில் டிரம் அக்கா கடை. பழைய டிரம் பிரேக் சாமான்களில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடையே ஒரு பெரிய டிரம்முக்குள் இருப்பதுபோல வட்டமாக, கறுப்பாக இருக்கும். பேடை வாங்கித் திருப்பினார். புள்ளிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி புள்ளிகளைப் பார்த்தார்.

"ஓ. மூணு புள்ளிக்காரன் சாமான்."

"யாருங்க அது?" என்றார் மாமா.

"இருக்கான் சார் ஒரு புண்ணியவான். வேற வண்டிப் பேடை ராவி ராவிக் கொடுத்து ஊரையே ஏமாத்தினவன். ஒரு காலத்துல இந்த மார்க்கெட்டுக்குத் திரும்பி வந்ததுல பாதி அவன் சாமான்தான். அவன் மட்டும் கைல சிக்கினான்னா, டிரம்முக்குள்ள அவன் விரலை வச்சு பிரேக் ஷூவை இறுக்குவேன்."

ஏதாவது பேசாவிட்டால் சந்தேகம் வருமே என்று, "நானா இருந்தா ரெண்டு கையையும் வைப்பேன்க்கா," என்றேன்.

"வைப்பியா தம்பி?" என்றார் அக்கா மிகவும் அன்பாக.

இதே பேடை என்னிடம்தானே வாங்கினார், இனி கணக்குப் போட்டுவிடுவாரே என்று மாமாவைப் பார்த்தேன். மாமாவின் கண் கலங்கியிருந்தது. என் தோளில் கை வைத்தார்.

"அந்தப் படுபாவி உங்களையும் ஏமாத்தி உங்க தலையில கட்டிட்டானே மாப்பிள்ளை! நீங்க நல்ல மனசோட வாங்கி எனக்குக் கொடுத்திருக்கீங்க."

டிரம் அக்கா அவசரமாக உள்ளே போனார். ஏதோ ஒரு டிரம்முக்குள் தலையை விட்டுக்கொண்டு இருமும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அதற்குப் பிறகு மாமா பேடைத் தேடவில்லை. ஆளைத் தேட ஆரம்பித்தார். நோட்டை எடுத்தார், புதுப் பக்கம் திருப்பினார், மேலே 'மூ.பு.' என்று எழுதி அடிக்கோடு போட்டார். கடை கடையாக ஏறினோம். நான் பின்னாலேயே போனேன். சொந்தச் சாவு ஊர்வலத்தில் நடந்து போகிறவன் எப்படி நடப்பான் என்று எனக்கு இப்போது தெரியும்.

வேலையற்ற மார்க்கெட் அது, செவ்வாய்க்கிழமை வேறு. எல்லாரும் தாராளமாக உதவினார்கள்.

"உயரம் சுமார்தான் சார். அஞ்சு ஏழு இருப்பான்," என்றார் கேபிள் கடைக்காரர், என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்துக்கொண்டே.

"நெத்தி ஏறிடுச்சு. ஆனா மறைச்சு வாரியிருப்பான்," என்றார் ஆயில் கடைக்காரர். நான் கையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.

"ரொம்ப நல்லவன் மாதிரி மூஞ்சி. கேட்டா எதுக்கும் தலையாட்டுவான்."

"இடது கட்டைவிரல் நகம் கோணலா இருக்கும் சார், எழுதிக்கங்க. அதுதான் முக்கியமான அடையாளம்."

மாமா எழுதிக்கொண்டார். நான் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டேன். அன்று மாலைவரை அதை வெளியே எடுக்கவில்லை. டீ குடித்தபோதும் பிஸ்கட்டை ஒரே கையால்தான் தோய்த்தேன்.

மூன்று மணிக்கு மனைவி போனில் வந்தாள். "அப்பாவை என்ன பண்ணீங்க? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அம்மாகிட்ட ஒரு மணி நேரமாப் பேசறார். நீங்க ரெண்டு பேரும் ஏதோ பெரிய திருடனைப் பிடிக்கப் போறீங்களாமே?"

"கிட்டத்தட்ட பிடிச்சாச்சு," என்றேன்.

புதன்கிழமை காலை கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உள்ளே போனேன். யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. அன்றைக்கு ராவியதுபோல இன்னொரு தடவை ராவிவிடுவது. ஏறக்குறைய சரியாக இருந்த ஒரு பேடை வைஸில் மாட்டினேன். அரத்தை எடுத்தேன். எட்டு வருஷம் ஆகியும் கை மறக்கவில்லை. அதுபாட்டுக்கு முதல் இழுப்பு இழுத்தது.

இரண்டாவது இழுப்பில் அத்தையின் கால் ஞாபகம் வந்தது. முன் சீட்டில் நேராக நீட்டிய கால், கட்டுப் போட்டது. அந்தப் பாதத்துக்கு எதிரே இருப்பது வண்டியின் முகப்புத் தகடு. நடுவில் இருப்பது என் அரம். ராவிய காது இடம் கொள்ளாமல் நழுவினால், அத்தையின் சிப்பி மறுபடி நாலு துண்டு. அன்றைக்கு ராவியபோது அந்தக் காரில் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன, எல்லாக் காரிலும் யாரோ உட்கார்ந்துதானே போகிறார்கள். இதை யோசிக்க எனக்கு ஒரு மாமியார் தேவைப்பட்டிருக்கிறார்.

அரத்தை வைத்துவிட்டுத் தெருக்கோடிக்கு நடந்தேன்.

அங்கே பூதக்கண்ணாடியின் கடை. தொழிலில் எனக்கு எதிரி அவர் ஒருவர்தான். கழுத்தில் கயிறு கட்டி ஒரு உருப்பெருக்கியைத் தொங்கவிட்டிருப்பார். வந்தவர் சாமானை மட்டுமல்ல, வந்தவரையும் அதன் வழியாகத்தான் பார்ப்பார். தெரியாவிட்டால் 'தெரியலை, வண்டியைக் கொண்டாங்க' என்று வெட்கமில்லாமல் சொல்லும் ரகம். என் பலகை அவரைக் குத்திக்காட்டத்தான் எழுதப்பட்டது.

"அண்ணே, ஒரு விஷயம்," என்றேன். "அந்த மூணு புள்ளிக்காரன் இருக்கான்ல..."

"உக்காருயா, 'இருக்கு'. ஒரு வழியா வந்துட்டே." உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்தார். அதற்குள் அவர் கண் ஒரு தோசைக்கல் அளவுக்கு இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டுமா? டீக்கடைக்காரனுக்குத் தெரியும். பத்து வருஷமா எல்லாருக்கும் தெரியும். நீ வந்தா திட்டுவோம், போயிட்டா நிறுத்திடுவோம்."

"ஏன் யாரும் நேரா சொல்லலை?"

"நீயும் சேந்து திட்டுவியே, அதைக் கேக்கறதுக்குத்தான். உன்னளவுக்கு உன்னைத் திட்ட எங்களுக்கு வராதுயா."

குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவை எடுத்தார். திறந்தால் முழுக்கப் பேடுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் மூன்று புள்ளி. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டி, எந்த வண்டியிலிருந்து வந்தது, எதை ராவியது, எதைப் போட்டிருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தது. முப்பத்தோரு பேடு. "உன்கிட்ட வாங்கினவங்க சத்தம் வருதுன்னு என்கிட்ட வந்தாங்க. மாத்திக் கொடுத்து இதையெல்லாம் எடுத்து வச்சேன்," என்றார். திட்டிச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை; கணக்கு டீச்சர் பரீட்சைப் பேப்பரைக் கொடுப்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். என் பாவங்களுக்கு ஒருவர் இவ்வளவு ஒழுங்காகச் சீட்டு ஒட்டி வைத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாமாவின் பேடை எடுத்துக் கொடுத்தேன். டப்பாவில் இருந்த ஒவ்வொன்றோடும் ஒட்டிப் பார்த்தார். சேரவில்லை.

"இது மட்டும் இதுல இல்லையே. மத்தவங்க எல்லாரும் சத்தம் வந்ததும் இங்க வந்துட்டாங்க. இந்த ஒருத்தர் மட்டும் வரவே இல்லை. யாருயா இந்த ஆளு? உன்னை அவ்வளவு நம்பினவர்?"

"என் மாமனார்."

பூதக்கண்ணாடி உருப்பெருக்கியைக் கீழே இறக்கினார். முதல் தடவையாக என்னை வெறும் கண்ணால் பார்த்தார்.

"சரி. ராவின பேடை வச்சுக்கிட்டு ஆயிரம் வருஷம் தேடினாலும் கிடைக்காது. அது உக்கார்ற இடத்தைப் பாக்கணும். சக்கரத்தைக் கழட்டினா, பேடைப் பிடிச்சுக்கற காலிப்பர்ல நம்பர் இருக்கும். நாளைக்குக் காலையில வரேன். ஆனா ஒண்ணு, நான் வாயைத் திறக்க மாட்டேன். சொல்ல வேண்டியது நீதான்."

வியாழக்கிழமை காலை மாமா வீட்டு ஷெட். கார் முன்பக்கம் மட்டும் செங்கல் மேல் ஏறி, மண்டியிட்டு எழுவதுபோல நின்றது. மாமா நோட்டோடு காத்திருந்தார். இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது.

"சார், உங்களுக்கு அந்த மூணு புள்ளிக்காரனைத் தெரியுமா?" என்று பூதக்கண்ணாடியிடம் கேட்டார்.

பூதக்கண்ணாடி என்னைப் பார்த்தார்.

நான் மறுபடி பைக்குள் விட்டிருந்த இடது கையை வெளியே எடுத்து, கட்டைவிரலை நீட்டினேன். "மாமா. நகம்."

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு நோட்டைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். பூதக்கண்ணாடியின் கழுத்திலிருந்த உருப்பெருக்கியைக் கயிறோடு இழுத்து, அவர் தலையும் சேர்ந்து குனிய, என் நகத்தை நிதானமாகப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். டேப்பை எடுத்து என் உயரத்தை அளந்துவிடுவாரோ என்று பயந்தேன். அளக்கவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

"நீங்கதான் ராவினீங்களா?"

"ஆமா மாமா. எனக்குச் சரியான பேடு எதுன்னு தெரியலை. இல்லைன்னு சொல்ல வரலை."

"நாலையுமா?"

"நாலையும்."

"அளந்து ராவினீங்களா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "மூணை அளந்தேன் மாமா. நாலாவது... நீங்க வெளியில கடிகாரத்தைப் பாத்துட்டு இருந்தீங்க. கண்ணளவுல விட்டுட்டேன்."

"கண்ணளவா!"

அதுவரை தாங்கிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் உடைந்தார். காரின் பின்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டார். ராவியதையோ, பொய் சொல்லிப் பெண்ணைக் கட்டியதையோ மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன். கண்ணளவு என்ற சொல்லை அந்த வீட்டில் அதுவரை யாரும் உச்சரித்ததில்லை.

"இடது பக்கம்," என்றார் மெல்ல. "அந்த நாலாவது இடது பக்கம் போயிருக்கு. பன்னெண்டு வருஷமா பிரேக் போடறப்பல்லாம் இடது பக்கம் டொக்குன்னு ஒரு சத்தம் வருதுங்கன்னு உங்க அத்தை சொல்லுவா. மாப்பிள்ளை போட்டுக் கொடுத்தது, அதுல சத்தம் வருமா, உனக்குக் காதுதான் சரியில்லைன்னு சொல்லிட்டேன். விடாம சொன்னா. காது டாக்டர்கிட்டகூடக் கூட்டிட்டுப் போனேன் மாப்பிள்ளை."

பூதக்கண்ணாடி நாகரிகமாகச் சக்கரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். உள்ளிருந்து பிரஷ் தேய்க்கும் சத்தம். பிறகு சத்தம் நின்றது.

"சார்," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "இது உங்க கார் இல்லையே."

"என்னது?"

"பின்னாடி உங்க கார்தான். முன்னாடி அச்சு, காலிப்பர், எல்லாம் வேற. நம்பர் தெளிவா இருக்கு. ரொட்டி சப்ளை பண்ற வேனோடது சார் இது."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார்.

"உங்க அத்தை அவ அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தா," என்றார் கடைசியில். "பத்து நாள். அப்ப வண்டியை உள்ள விடறப்ப... அந்தச் சுவர்ல இடிச்சுட்டேன். முன்பக்கம் மொத்தமாப் போச்சு. மெக்கானிக் ஒரு வேனோடதை எடுத்து மாட்டிக் கொடுத்தான். அவ வர்றதுக்குள்ள பெயிண்டும் அடிச்சாச்சு. நானே அளந்து, நானே கயிறு பிடிச்சுக் கட்டின சுவர் மாப்பிள்ளை. அதுல நானே போய் முட்டினேன்னு எப்படிச் சொல்றது?"

"அப்ப அன்னிக்குக் கடை கடையா ஏறி..."

"கார் பேரைத்தான் சொன்னேன். வேன்னு சொல்லலை. கார் பேடு எதுவும் சேரலை."

"முழு மார்க்கெட்டும் கையை விரிச்சது அதனாலயா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். நான் பன்னிரண்டு வருஷமாகப் பழகிய அதே அடக்கம்.

பூதக்கண்ணாடி கரி முகத்தோடு வெளியே வந்தார். "ரொட்டி வேன் பேடு உன் கடையிலேயே இருக்குமேயா. ரொம்ப ஓடற சாமானாச்சே."

இருந்தது. மூன்றாவது அலமாரி, இடது பக்கம், ஒன்பது பெட்டி. அன்றைக்கும் அதே இடத்தில்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் மாமாவிடம் 'இருக்கு' என்று சொன்னது சத்தியமான வார்த்தை. எனக்குத்தான் அது தெரியவில்லை.

அன்று மதியமே பூதக்கண்ணாடி நாலையும் மாட்டினார். சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தன. நான் அரத்தைத் தொடவே இல்லை. கிளம்பும்போது டப்பாவை என் கையில் கொடுத்தார். "உன்னோடதுதானே. வச்சுக்க." பழைய நாலையும் அதில் போட்டேன். மூடி சரியாக மூடவில்லை.

ஷெட்டைச் சாத்தும்போது மாமா என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "ரொட்டி வேன் விஷயம் அவளுக்கு வேண்டாம். உங்க விஷயமும் வேண்டாம். முதல்ல கால் சரியாகட்டும்."

"சரி மாமா."

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அத்தையை முன் சீட்டில் ஏற்றி, காலை நீட்டி, இரண்டு தலையணை வைத்தோம். நான் மாமாவுக்குப் பின்னால், மருந்துப் பையையும் பிளாஸ்கையும் மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கியிருந்தேன். வீட்டில் மனைவி கட்டிலைப் போட்டுக் காத்திருந்தாள். கார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் முதல் வேகத்தடை. மாமா பிரேக்கை அழுத்தினார். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நின்றது. நீட்டிய கால் அசையவில்லை.

அத்தை தலையைச் சாய்த்தார்.

இரண்டாவது வேகத்தடை. மறுபடி சாய்த்தார். இடது காதை உள்ளங்கையால் பொத்தித் திறந்தார்.

"என்னங்க."

"ம்?"

"சத்தம் வரலையே."

மாமா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அந்த டொக்குச் சத்தம். எப்பவும் வருமே. இப்ப வரலையே." அத்தையின் குரல் மெலிந்துவிட்டது. "மயக்க ஊசி போட்டாங்களே, அதுல காது போயிடுச்சோ? அப்ப டாக்டர் நல்லா இருக்குன்னுதான் சொன்னார். நீங்கதான் அவர் சரியாப் பாக்கலைன்னீங்க. இப்ப நிஜமாவே போயிடுச்சா? எங்க, ஏதாவது பேசுங்க பாப்போம்."

பயந்துவிட்டார். கால் உடைந்தபோதுகூட 'அடுப்பை அணைங்க' என்று சொன்ன அத்தை, விரலால் காதைக் குடைந்துகொண்டு, கண்ணில் நீரோடு இருந்தார். என் மடியில் பிளாஸ்க் சரிந்தது.

"அத்தை, உங்க காதுக்கு ஒண்ணுமில்லை," என்றேன். "எப்பவுமே ஒண்ணுமில்லை. அந்தச் சத்தம் நான்தான்."

சொன்னேன். அரம், வைஸ், மூன்று புள்ளி, கண்ணளவு, எல்லாவற்றையும். இடையில் இரண்டு சிக்னல் வந்து போனது. நான் முடித்த பிறகு மாமா கியரை மாற்றினார். மாமா தன் பங்கை விழுங்கிவிட்டார் என்று நினைத்தேன். விழுங்கியிருக்கலாம், நான் காட்டிக் கொடுத்திருக்க மாட்டேன்.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "பாதிதான் அவர். மீதி நான்."

சுவரைச் சொன்னார். பத்து நாளைச் சொன்னார். ரொட்டி வேனைச் சொன்னார்.

அத்தை முன்னால் நீண்டிருந்த தன் காலைப் பார்த்தார், அதற்கப்பால் இருந்த முகப்பைப் பார்த்தார்.

"அப்ப இதுல எதுதான் கார்?"

"பின்பக்கம்," என்றார் மாமா சன்னமாக. "மாப்பிள்ளை உக்காந்திருக்கற இடம்."

"வர்ற திருப்பத்துல இடது பக்கம் திருப்புங்க."

"வீடு நேரா..."

"திருப்புங்க."

திருப்பினார். அந்தத் தெரு எனக்குப் புதிது, மாமாவுக்குத் தெரிந்திருந்தது. மாடிப்படி ஓரத்தில் பெரிதாக ஒரு காது வரைந்த பலகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். பூப்போல நின்றது.

"நான் வண்டியிலேயே இருக்கேன். என்னால இறங்க முடியாது," என்றார் அத்தை. "ரெண்டு பேரும் மேல போய், என் காதுல ஒண்ணுமில்லைன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வாங்க. அவரை நம்பலைன்னு அன்னிக்கு வாசல்ல நின்னு கத்திட்டு வந்தீங்கல்ல. அதுக்கும் ஒரு வார்த்தை. ஜன்னலை இறக்கி விட்டுட்டுப் போங்க, எனக்குக் கேக்கணும்."

ஏறினோம். மேலே பத்து நாற்காலி, எட்டில் ஆட்கள். மருந்து வாசனை. நான் கட்டைவிரலைப் பைக்குள் விடப்போய், வேண்டாம் என்று வெளியிலேயே வைத்துக்கொண்டேன். மாமா நோட்டை எடுத்தார், பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். சீட்டு எழுதும் பெண் பேனாவைத் திறந்துகொண்டு எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்குங்க காது கேக்கலை?"

நாங்கள் இரண்டு பேரும் கையைத் தூக்கினோம்.